அமெரிக்காவில் லாரித் தொழில்: எண் வாங்கியதும் வண்டியை எடுக்கலாமா?

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு லாரி வாங்கிச் சரக்கு ஓட்ட நினைப்பவர்கள் முதலில் குழம்புவது எண்களில்தான். யுஎஸ்டாட் எண் கைக்கு வந்ததும் லோடு ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றப் போகிறவருக்கு அது பாதி வேலைகூட இல்லை.

யுஎஸ்டாட் எண் ஓர் அடையாள எண். மத்திய போக்குவரத்துத் துறையின் கீழ் லாரி, பேருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்எம்சிஎஸ்ஏ அமைப்பு அதைத் தருகிறது. சாலையில் நடக்கும் சோதனைகள், விபத்துகள், விதிமீறல்கள் எல்லாம் அந்த எண்ணின் பெயரில் பதிவாகும். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகும் வண்டியின் எடை 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் இந்த எண் கட்டாயம். வெறும் பிக்கப் வண்டிதானே என்று விட்டுவிட வேண்டாம். வண்டிக்கும் டிரைலருக்கும் தயாரிப்பாளர் குறித்திருக்கும் எடைத் தகுதியைச் சேர்த்துப் பார்ப்பார்கள். காலியாக ஓடினாலும் கணக்கு அதுதான். வண்டி எல்லை தாண்டுவதே இல்லை என்ற சமாதானமும் எப்போதும் எடுபடாது. ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கிய இறக்குமதிச் சரக்கை டல்லாஸுக்குக் கொண்டுபோனால், வண்டி டெக்சாஸுக்குள்ளேயே ஓடினாலும் சரக்கின் பயணம் வெளியிலிருந்து தொடங்கியது என்பதால் மத்திய விதிகள் பொருந்தும். உள்மாநில ஓட்டத்துக்கும் இந்த எண்ணைக் கேட்கும் மாநிலங்கள் நிறைய உண்டு.

அடுத்தது, எம்சி எண் என்று எல்லோரும் சொல்லும் இயக்க உரிமை. மற்றவர் சரக்கைக் கூலிக்கு மாநிலங்களுக்கிடையே ஏற்றுபவருக்கு இது வேண்டும். சொந்தக் கடைச் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்குத் தேவையில்லை. பதப்படுத்தாத விளைபொருள், கால்நடை போன்றவற்றை மட்டும் ஏற்றுபவருக்கும் விலக்கு உண்டு. யுஎஸ்டாட் எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. எம்சி உரிமைக்கு 300 டாலர். விண்ணப்பம் தள்ளுபடியானாலும் திரும்ப வராது.

விண்ணப்பம் வெளியானபின் யாரேனும் ஆட்சேபிக்க 10 நாள் அவகாசம் தருவார்கள். அதோடு இரண்டு தாள்கள் எஃப்எம்சிஎஸ்ஏயிடம் போய்ச் சேர வேண்டும். ஒன்று பிஓசி-3. நீதிமன்ற ஆவணங்களை உங்கள் சார்பில் பெற்றுக்கொள்ளும் முகவர்களை மாநிலவாரியாக நியமிக்கும் படிவம் இது. இன்னொன்று காப்பீடு. பாலிசியின் நகலை நீங்கள் அனுப்பினால் செல்லாது. காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும். 10,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டியில் சாதாரணச் சரக்கு ஏற்றினால் பிறருக்கு நேரும் இழப்புக்கான குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை 7,50,000 டாலர். அபாயகரமான பொருள்கள் என்றால் வகையைப் பொறுத்து 10 லட்சம் அல்லது 50 லட்சம். சட்டம் கேட்பது 7,50,000தான் என்றாலும், புரோக்கர்கள் பொதுவாக 10 லட்சம் இல்லாமல் லோடு தரமாட்டார்கள்.

புது உரிமையாளருக்குப் பிரீமியம் கடுமையாக இருக்கும். அதனால் 300 டாலர் கட்டுவதற்கு முன்பே, முடிந்தால் லாரி வாங்குவதற்கும் முன்பே, காப்பீட்டுக்கு விலை கேட்டுவிடுங்கள். கணக்கு உதைத்தால் வேறு வழியும் இருக்கிறது: ஏற்கெனவே உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தோடு உங்கள் வண்டியைக் குத்தகைக்கு இணைத்து, அவர்கள் உரிமையின் கீழ் ஓட்டுவது. முதல் ஓரிரு ஆண்டுக்கு இதுதான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

எப்படியானாலும், உரிமை நடப்பில் உள்ளது என்று எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் காட்டும்வரை வாடகை லோடு ஏற்றக் கூடாது.

அப்புறம் வருவன சில்லறை வேலைகள், ஆனால் விட்டால் சோதனைச் சாவடியில் மாட்டும். மாநிலங்களுக்கிடையே ஓட்டும் நிறுவனங்கள் செய்ய வேண்டிய யுசிஆர் பதிவின் ஆண்டுக் கட்டணம். இரண்டு வண்டி வரை 2025இல் 46 டாலர். 55,000 பவுண்டு முதல் உள்ள வண்டிகளுக்கு வருமான வரித் துறையின் 2290 படிவ வரி, ஆண்டுக்கு அதிகபட்சம் 550 டாலர். பல மாநிலங்களில் ஓடும் பெரிய வண்டிக்கு அம்மாநிலங்களுக்குப் பொதுவான ஐஆர்பி பதிவு எண் பலகையும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டும் இஃப்டா எரிபொருள் வரியும் உண்டு. இவற்றை உங்கள் மாநிலத்திலேயே எடுக்க வேண்டும். நிறுவனப் பெயரும் யுஎஸ்டாட் எண்ணும் வண்டியின் இரு பக்கமும் 50 அடி தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்கட்டும்.

முதல் 18 மாதம் புதியவர் கண்காணிப்புக் காலம். பொதுவாக முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கை நடக்கும். ஓட்டுநர் கோப்பு, வேலை நேரப் பதிவு, பராமரிப்பு ரசீது எல்லாம் கேட்பார்கள். இங்கே தனியாள் முதலாளிகள் சறுக்குவது போதைப்பொருள், மதுப் பரிசோதனைத் திட்டத்தில். முதலாளியும் நான், ஓட்டுநரும் நான், என்னை நானே எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே சிடிஎல் என்ற வணிக ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டும் தனியாள், பல ஓட்டுநர்களைச் சேர்த்துச் சோதிக்கும் ஒரு பரிசோதனைக் கூட்டமைப்பில் சேர வேண்டும். ஓட்டுநர்களின் போதைப்பொருள், மது விதிமீறல்களைப் பதிந்துவைக்கும் அரசின் கிளியரிங்ஹவுஸ் தளத்திலும் பதிய வேண்டும். திட்டமே இல்லையென்றால் தணிக்கையில் நேரடித் தோல்வி.

எண் பதிவான சில நாளிலேயே அரசுக் கடிதம் போலவே தோன்றும் தாள்களும் அழைப்புகளும் குவியும். யுஎஸ்டாட் எண்ணில் பதிந்த நிறுவன விவரங்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தும் எம்சிஎஸ்-150 படிவப் புதுப்பிப்புக்குப் பணம் கேட்பவை அவற்றில் நிறைய. அதை அரசுத் தளத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம். யுஎஸ்டாட் எண்ணின் கடைசி இலக்கம் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைச் சொல்லும்: 1 என்றால் ஜனவரி, 9 என்றால் செப்டம்பர், 0 என்றால் அக்டோபர். அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படை என்றால் இரட்டைப்படை ஆண்டு. தவறினால் எண்ணை முடக்கிவிடுவார்கள்.