கடலில் தூண்டில் போடப் போகும் மலைக்காரர்களே, ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் எடுத்துப் போங்கள்

கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கத்துப் பிள்ளைகளிடம் கடல் தூண்டில் ஆசை நன்றாகவே பரவியிருக்கிறது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாடுகாணி சுரம் (மலைப்பாதை) இறங்கி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடோ பேப்பூரோ போய், விடிய விடியத் தூண்டில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மலையேறி விடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான், போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மலையில் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டராக எனக்கு ஒரு கவலை இருக்கிறது. கடற்கரையில் பட்ட காயத்தை, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று அப்படியே மலைக்குக் கொண்டுவருகிறார்கள். கடல் மீன் குத்திய காயத்துக்குச் செய்ய வேண்டிய முக்கியமான வைத்தியம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், அந்த மணலிலேயே செய்ய வேண்டியது. சுரம் ஏறி எங்களிடம் வந்து சேரும்போது அந்த நேரம் கடந்துபோயிருக்கும்.

முதலில் கெளுத்தியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் கடல் காயங்களில் அதிகம் இதுதான். கேரளப் பக்கம் ஏட்டை என்பார்கள். கரையிலிருந்து, அதுவும் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரவில் தூண்டில் போடும் புதியவருக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் இந்த மீன்தான். எந்த இரை போட்டாலும் கடிக்கும். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். மீன் பயந்தால் இந்த மூன்றும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளின் ஓரம் வாள் பல் போல இருக்கும், மேலே மெல்லிய தோல் உறை, அதில் நஞ்சு. கொக்கியை எடுக்கிறேன் என்று மீனை வெறும் கையால் அமுக்கிப் பிடிக்கும்போது, அது ஒரு துள்ளு துள்ளினால் போதும், முள் உள்ளங்கைக்குள் போய்விடும்.

வெளியே பார்த்தால் ஒரு புள்ளி. அதனால்தான் எல்லாரும் ஏமாந்து போகிறார்கள். ஜீப் ஓட்டும் ஒரு தம்பி இப்படித்தான் வந்தார். "மேடம், குத்துனது ஒரு சின்ன மீன் முள்ளு. பாம்பு கடிச்ச மாதிரி தோள்பட்டை வரைக்கும் ஏன் இழுக்குது?" என்று கேட்டார். மணிக்கட்டுக்கு மேல் கைக்குட்டையை இறுகக் கட்டியிருந்தார்கள். குத்திய இடத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. கை புசுபுசுவென்று வீங்கி, விரலை மடக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒடிந்த முள்ளின் நுனி உள்ளேயே இருக்கிறது. கட்டியதும் தவறு, சுண்ணாம்பும் தவறு. ஆனால் கூட இருந்த நண்பர்களைக் குறை சொல்ல முடியாது. பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் பார்த்துப் பழகியதைத்தான் செய்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது வேறு. இந்த நஞ்சு புரத வகையைச் சேர்ந்தது, சூடு பட்டால் வீரியம் குறையும். குத்திய கையையோ காலையோ சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். அரை மணி நேரமாவது, வலி திரும்பி வந்தால் ஒன்றரை மணி நேரம் வரைக்கும். ஆற ஆறக் கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பலருக்குச் சில நிமிடங்களிலேயே வலி இறங்க ஆரம்பிக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு ஃபிளாஸ்க் இல்லாமல் கடலுக்குப் போவதில்லை.

ஃபிளாஸ்க் இல்லாத வீடு நம் மலையில் கிடையாது. டீக்கும் குடிக்கவும் என்று எங்கே போனாலும் கூடவே வரும் பொருள் அது. கடலுக்குப் போகும்போது மட்டும், "அங்கேதான் வெயில் கொளுத்துமே" என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். ராடும் ரீலும் வாங்க ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இந்த ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே கை முங்குகிற அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும். தீர்ந்துபோனால் கடற்கரை டீக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் அது 100 டிகிரி. கொதிக்கும் தண்ணீருக்கு இவ்வளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் சரி என்று மலையில் பழகிய கைக்கணக்கு அங்கே பொருந்தாது.

அதனால் அடிபடாத ஒருவர் கையை விட்டுப் பார்த்த பிறகே காயம்பட்டவரின் கையை உள்ளே வைக்க வேண்டும். குளிக்கிற வெந்நீரைவிட ஒரு படி கூடுதலாக, ஆனால் கையைத் தொடர்ந்து வைத்திருக்க முடிகிற சூடு. வலியில் துடிப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சுத்தமாகவே தெரியாது. முள் காயத்தோடு தீக்காயத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தவர்களுக்கும் நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

திருக்கை வாலில் உள்ள முள்ளுக்கும், ஓரா மீனின் முதுகு முள்ளுக்கும் இதே சுடுதண்ணீர் வைத்தியம்தான். திருக்கை ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவாகவே விலகிப் போய்விடும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் கதை வேறு. அதைப் பிடுங்கக் கூடாது, ஆட்டக் கூடாது, அப்படியே 108ஐக் கூப்பிட வேண்டும். கேரளாவிலும் ஆம்புலன்ஸுக்கு 108தான்.

வலி அடங்கிவிட்டது, அப்புறம்? காயத்தைச் சோப்புப் போட்டு, குடிக்கிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே காட்டுங்கள். தடுப்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். ஆழமாகக் குத்திய காயம் என்பதால் ரணஜன்னி (டெட்டனஸ்) பயம் உண்டு. முன்பு டிடி (TT) என்று போட்ட ஊசி இப்போது டிப்தீரியாவுக்கும் சேர்த்து Td ஊசியாக, அதாவது ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஒரே ஊசியாக வருகிறது. பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது அதுதான். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் எப்போது போட்டோம் என்றே மறந்துவிடுகிறார்கள். 1907 முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கும் குன்னூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தடுப்பூசி விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்கலாமா?

ஆஸ்பத்திரிக்குப் போனால், "கடல்ல மீன் குத்துச்சு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். எங்களிடம் தினமும் வருவது தேயிலைக் கவாத்துக் கத்தி வெட்டு, காட்டுப்பன்றி முட்டியது, அட்டை கடித்துச் சீழ் பிடித்தது. கை வீங்கி வந்தால் மலை ஊர் டாக்டருக்குக் கடல் சட்டென்று நினைவுக்கு வராது. ஆனால் கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை, கல்லீரல் கெட்டவர்களுக்கும், அதிகம் குடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிவப்பு மணிக்கணக்கில் ஏறும். தோலில் ஊதாவாகக் கொப்புளம் கிளம்பும். காய்ச்சலும் மயக்கமும் வரும். அதற்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் வேறு, சில சமயம் உடனே அறுவை சிகிச்சையும் தேவைப்படும். இந்த மூன்று பிரிவில் நீங்கள் இருந்தால், ஆறாத புண்ணோடு கடல் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். இன்னொரு கிருமி இதற்கு நேரெதிர், மிக மெதுவானது. குத்தின இடம் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, சில வாரம் கழித்து விரலில் சிவந்த கட்டி கிளம்பி, கைவழியே ஒவ்வொன்றாக மேலே ஏறும். அப்போது யாருக்கும் கடல் ஞாபகம் இருக்காது. நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அடுத்தது தூண்டில் முள். கடல் தூண்டிலில் கட்டும் ஈயம் ஆற்றுத் தூண்டிலில் கட்டுவதைவிடக் கனமானது, வீச்சும் பெரியது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் வீசினால் அது நண்பனின் காதிலோ கன்னத்திலோதான் போய் மாட்டும். வீசும் முன் ஒரு குரல் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாதாரண கண்ணாடியோ கூலிங் கிளாஸோ, ஏதோ ஒன்று கண்ணில் இருக்கட்டும். பாறையில் சிக்கிய தூண்டிலை வெறி வந்த மாதிரி இழுக்கும்போது, ஈயமும் முள்ளும் சேர்ந்து முகத்தை நோக்கித் திரும்பி வரும்.

முள்ளின் முனைக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்தான் சதையைக் கவ்விப் பிடிக்கிறது. கட்டிங் பிளேயரால் அதை முன்கூட்டியே நசுக்கித் தட்டையாக்கிவிட்டால், கையில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். தூண்டில் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, தளர விடாமல் வைத்திருந்தால் அதனால் மீன் ஒன்றும் அதிகம் தப்பிப் போகாது. மூன்று முள் சேர்ந்த கொக்கியைப் புதியவர்கள் முதல் வருடம் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. மாட்டிய ஒரு முள்ளை எடுக்கப் போய் இன்னொன்று எடுக்கிறவர் விரலில் ஏறும்.

நசுக்காத முள் சதைக்குள் முழுதாக இறங்கிவிட்டால் பிடுங்காதீர்கள். தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, முள் ஆடாமல் பிளாஸ்திரி போட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, முனையை மறுபக்கம் வெளியே தள்ளி, எதிர்முள்ளை வெட்டி, மீதியைப் பின்னால் உருவி எடுப்போம். அதிக நேரம் பிடிக்காது. கண்ணில் மாட்டியிருந்தால் மட்டும் எதையும் தொடாமல், அழுத்தாமல், ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைத்து ஒட்டி, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கே போங்கள். அந்த நிலையில் சுரம் ஏறி எங்களிடம் வர வேண்டாம். கோழிக்கோட்டிலேயே பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி நான் பேச வேண்டியது ஒரு மருத்துவராக மட்டும் இல்லை, நீச்சல் தெரியாத ஊரில் வளர்ந்தவளாகவும்தான். தோட்டத்தில் போடும் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு அலையில் நிற்கிறார்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் காலை எடுத்து வைக்கவே முடியாது. பட்டை வைத்து இறுக்கும் செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போதும். அலைதாங்கிக் கற்களின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி தெரிந்தால் அலை அங்கே வரைக்கும் வருகிறது என்று பொருள். அங்கே நிற்காதீர்கள். கரையில் அலை வரிசையாக உடையும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாக, கலங்கலாக, நுரை வெளியே ஓடுவது போலத் தெரிந்தால் அங்கேதான் இழுப்பு இருக்கிறது. புதியவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை ஆட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. ஐஸ் பெட்டியையோ காலி கேனையோ வீசுங்கள்.

வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை, அப்புறம் என்ன பயம் என்று கேட்பார்கள். கள்ளக்கடல் அப்படித்தான் வரும். தெற்கே வெகு தொலைவில் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே எந்த அடையாளமும் காட்டாமல் வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை. எங்கள் தொழிலுக்கு வர இருந்த பிள்ளைகள் என்பதால் அந்தச் செய்தி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் கரைப் பக்கமே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் சாயங்கால இடி சத்தம் கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் போங்கள், கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள்.

கடல் பாம்பு தூண்டிலில் மாட்டினால் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள், முள் போனால் போகட்டும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்குத்தான். கடல் பாம்புக்கு அது வேலை செய்யாது. கடித்துவிட்டால் வென்டிலேட்டர் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான்.

பிடித்ததை எல்லாம் மலைக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கும் வழக்கமும் இருக்கிறது. தொட்டால் பந்து போல உப்பும் மீன் பேத்தை. அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முறிமருந்தும் இல்லை. பெயர் தெரியாத மீனைக் கரையிலேயே ஒரு மீனவரிடம் காட்டிக் கேளுங்கள், "ஏட்டா, இது தின்னாமோ?" (அண்ணா, இதைத் தின்னலாமா?) என்றால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். மீன் சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்து, கைகால் துவண்டால் காத்திருக்க வேண்டாம், ராத்திரி எந்த நேரமானாலும் கிளம்பி வாருங்கள். மூச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு வைத்தியம், அதை உரிய நேரத்தில் தொடங்கினால் பிழைக்க வைக்க முடியும். வரும்போது சட்டியில் மிச்சமிருக்கும் துண்டையோ, பிடித்தபோது எடுத்த ஃபோட்டோவையோ கையோடு கொண்டுவாருங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் யார் யார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அவர்களையும் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.