தெரிந்த வசனத்துக்கு ஏன் சிலிர்க்கிறது?

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அறுபது வயதைத் தாண்டிய தமிழர்களிடம் சிவாஜியைப் பற்றிப் பேச்சை எடுத்தால், கட்டபொம்மனுக்குப் பிறகு சீக்கிரமே 'ராஜபார்ட் ரங்கதுரை' வந்துவிடும். 1973இல் வந்த அந்தப் படத்தில் சிவாஜி ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நிற்க, 'டு பி ஆர் நாட் டு பி' (இருப்பதா, இல்லாமல் போவதா) என்ற வசனம் ஆங்கிலத்திலேயே ஓடும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு 'இரத்தத் திலக'த்தில் ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாயகனான ஒத்தெல்லோவாக வந்தார். அந்தக் காட்சிகளுக்குக் கைதட்டியவர்களில் ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பார்கள். மில் வேலைக்காக மும்பை வந்த என் பெரியப்பாவுக்கு ரயில் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் டிவியில் அந்தக் காட்சி வந்தால் கையிலிருக்கும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். முழங்கையைத் திருப்பிக் காட்டுவார், மயிர் குத்திட்டு நிற்கும்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வசனம் புரியாதவருக்கு எப்படிச் சிலிர்க்கிறது? அதைவிடச் சுவாரஸ்யமானது இரண்டாவது கேள்வி. கல்லூரியில் அந்த வரிகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு, அடுத்த சொல் என்ன என்று முன்பே தெரிந்தவர்களுக்கு, ஏன் இன்னும் அதிகமாகச் சிலிர்க்கிறது?

முதல் கேள்விக்கு விடை குரலில் இருக்கிறது. பயத்தில் குரல்நாண் இறுகிக் குரல் மேலே போகிறது. துக்கத்தில் சுருதி இறங்கி, பேச்சு மெதுவாகிறது. இது எல்லா மனித உடம்புக்கும் பொது. 2001இல் கிளாவுஸ் ஷெரர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மன் நடிகர்களை, அர்த்தமே இல்லாத வாக்கியங்களைக் கோபம், பயம், துக்கம், மகிழ்ச்சி என்று விதவிதமாகப் பேசவைத்து, ஒன்பது நாடுகளில் போட்டுக் காட்டினார்கள். என்ன உணர்ச்சி என்பதைக் கேட்டவர்கள் சராசரியாக 66 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மொழியால் வெகுதூரத்தில் இருந்த இந்தோனேசியர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் குருட்டாம்போக்கில் சொல்லிக் கிடைப்பதைவிட அது வெகு அதிகம். அப்புறம், ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் பெரும்பாலும் பத்து அசைகள். மெலிந்த அசையும் அழுத்தமான அசையும் மாறிமாறி வரும். அந்தத் தாளத்தைப் பிடிக்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, காது போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிலிர்ப்பு என்பது ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் இருக்கும் சின்னத் தசை சுருங்குவது. குளிரிலும் பயத்திலும் வேலை செய்யும் பரிவு நரம்பு மண்டலம்தான் அதை இயக்குகிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கவிதை கேட்பவர்களின் தோலையே கேமராவில் பதிவு செய்தார்கள். சிலிர்ப்பு கண்ட இடத்தில் வரவில்லை. வரி முடிகிற இடம், பத்தி முடிகிற இடம், கவிதையே முடிகிற இடம் என்று முடிவுகளில் குவிந்தது. சிலிர்ப்புக்குச் சில நொடிகள் முன்பே மூளையில் இன்பத்தை உணர்த்தும் வெகுமதிப் பகுதி வேலையைத் தொடங்கியிருந்தது. இசையில் இதே விஷயம் 2011இல் கனடாவின் மான்ட்ரியலில் தெரியவந்தது. தங்களுக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில், உச்சத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது ஓரிடத்திலும், உச்சம் வந்தபோது வேறோர் இடத்திலும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. ஆக, காத்திருப்பதிலேயே ஓர் இன்பம் இருக்கிறது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தவரால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் சாகித்ய வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடகர் அந்த வரியை எந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறார் என்பதற்குத்தான் தலை ஆடுகிறது.

இங்கே நடிகரின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் மௌனம். 2005இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவில் சில நொடிகள் சத்தத்தை வெட்டிவிட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். பாட்டு தெரிந்ததாக இருந்தால், சத்தமே இல்லாத அந்த நொடிகளிலும் கேட்புப் பகுதி தொடர்ந்து வேலை செய்தது. தெரியாத பாட்டில் அந்த அளவுக்கு இல்லை. அதாவது, தெரிந்த வசனத்தில் நடிகர் நிறுத்தும்போது மிச்சத்தை நம் மூளையே ஓட்டத் தொடங்கிவிடுகிறது.

1953இல் வந்த 'ஜூலியஸ் சீசர்' படத்தில் மார்க் ஆன்டனியாக வரும் மார்லன் பிராண்டோவைப் பாருங்கள். கொலையுண்ட சீசரின் பிணத்தை வைத்துக்கொண்டு ஊரைத் தூண்டிவிடும் அந்தப் பேச்சின் நடுவில், என் இதயம் அங்கே சீசரோடு சவப்பெட்டிக்குள் கிடக்கிறது, அது திரும்பி வரும்வரை நான் நிறுத்தியாக வேண்டும் என்கிறார். மௌனத்தை ஷேக்ஸ்பியரே எழுதி வைத்திருக்கிறார். பிராண்டோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். ரோமாபுரிக் கூட்டத்துக்குத் தெரிவது அழும் மனிதனின் முதுகு. நமக்குத் தெரிவது முகம். பின்னால் எழும் முணுமுணுப்பைக் காதில் வாங்கி, பேச்சு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடும் முகம் அது. மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு இது கிடைத்திருக்காது. திரைநடிப்பில் எனக்கு இதைவிடப் பிடித்த மௌனம் இல்லை.

எதிர்பார்ப்பு ஊற நேரமும் வேண்டும். 2015இல் லண்டனில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஹாம்லெட்டாக நடித்தபோது, தொடக்க நாட்களில் 'டு பி' வசனத்தையே நாடகத்தின் முதல் காட்சியாக வைத்தார்கள். விமர்சனம் கிளம்பியது; வசனம் உள்ளே தள்ளப்பட்டது. மும்பை நாரிமன் பாயிண்டில் என்.சி.பி.ஏ. கலையரங்கத் திரையில் அதன் பதிவாக நாம் பார்த்தது மாற்றிய வடிவத்தைத்தான்.

சரி, இத்தனை முறை கேட்டும் ஏன் புளிக்கவில்லை? ஒரு காரணம் ஷேக்ஸ்பியரின் மொழி. பெயர்ச்சொல்லைத் திடீரென்று வினைச்சொல்லாக மாற்றிவிடுவார். லிவர்பூல், பேங்கர் பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து இதை மூளை மின்னலைகளில் சோதித்தார்கள். பொருள் புரியாமல் தடுமாறும்போது எழும் என்-400 என்ற அலை கூடவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பைத் திரும்ப அலசும்போது எழும் பி-600 அலை பெரிதாக எழுந்தது. பொருள் உடனே பிடிபடுகிறது, மூளை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து உட்காருகிறது.

மற்ற காரணம் கேமரா. அதே 'டு பி' வசனத்துக்கு, லாரன்ஸ் ஒலிவியே 1948 'ஹாம்லெட்' படத்தில் கடலுக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வசனத்தில் பாதி வாய் அசையாமல் மனக்குரலாகக் கேட்கிறது. கென்னத் பிரானா 1996 'ஹாம்லெட்'டில் கண்ணாடிக்கு எதிரே நின்று தன் பிம்பத்திடமே பேசுகிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஹாம்லெட்டின் எதிரியான ராஜா ஒளிந்திருக்கிறார். இயன் மெக்கெல்லன் 1995 படத்தில், ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாயகனான மூன்றாம் ரிச்சர்டின் தொடக்க வசனத்தை விருந்தில் மைக் முன்னால் ஆரம்பித்து, கழிப்பறையில் தனியாகத் தொடர்ந்து, கண்ணாடியில் நம்மைப் பார்த்துவிடுகிறார். நான் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்த இடம் அது. சொற்கள் பழையவை, அவை யாரிடம் பேசப்படுகின்றன என்பது ஒவ்வொரு முறையும் புதிது.

கேமராவும் படத்தொகுப்பும் பார்வையாளர்களை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதை நரம்பியல் ஆய்வாளர் உரி ஹாசன் குழுவினர் அளந்திருக்கிறார்கள். ஹிட்ச்காக்கின் டிவி படம் ஒன்றைப் பார்த்தவர்களின் மூளையின் வெளி அடுக்கான புறணியில் சுமார் 65 சதவீதப் பகுதி ஒரே மாதிரி ஏறி இறங்கியது. ஒரு பூங்காவை வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த வெறும் காட்சிக்கு அது 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இதயமும் இப்படிச் சேர்ந்துகொள்கிறது. 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே கதையைத் தனித்தனியாகக் கேட்டவர்களின் இதயத் துடிப்பு ஒரே இடங்களில் கூடிக் குறைந்தது. மனதுக்குள் எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னதும் அந்த ஒற்றுமை குலைந்தது. அதனால் வீட்டில் தனியாகப் பார்த்தாலும் பாதகமில்லை, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் கெடுக்கும். கைதட்டல் மட்டும் வேறு கணக்கு. 2013இல் வந்த ஆய்வின்படி, ஒருவர் எப்போது தட்டத் தொடங்குவார் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரர் முடிவு செய்வதில்லை. அரங்கம் முழுவதும் எத்தனை பேர் ஏற்கெனவே தட்டுகிறார்கள் என்று காதில் விழும் சத்தம்தான் முடிவு செய்கிறது. கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு மூலையில் கிளம்பி ஹால் முழுக்கப் பரவும் வேகம் தெரிந்திருக்கும்.