கியர்பாக்ஸ் ஏன் பின்னால் போனது?

2016இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.11 காரில் 5.2 லிட்டர் வி12 இன்ஜின் (V வடிவில் இரு வரிசையாக 12 சிலிண்டர்கள்). ஏறத்தாழ 600 குதிரைத்திறன். மறு ஆண்டே அதே காரில் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி.யின் 4 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தி இன்னொரு வகையும் வந்தது. திறன் சுமார் 100 குறைவு, விலையும் குறைவு. ஆனால் வளைந்து வளைந்து போகும் மலைச்சாலைக்கு எது நல்ல கார் என்று கேட்டால், நான் தயங்காமல் வி8ஐத்தான் சொல்வேன். எடைதான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், எடை உட்கார்ந்திருக்கும் இடம்.

வி8 கார் 115 கிலோ இலேசானது. குறைந்ததில் பெரும்பகுதி முன்பக்கத்து எடை. வி12இல் மொத்த எடையின் 51 சதவீதம் முன்சக்கரங்கள் மேல் விழுகிறது. வி8இல் 49 சதவீதம்தான்.

முன்னால் அவ்வளவு பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டு எடையை இப்படிச் சரிபாதியாகப் பிரிக்க முடிந்தது எப்படி? வழக்கமாக இன்ஜினோடு ஒட்டியிருக்கும் கியர்பாக்ஸைப் பிரித்துப் பின் அச்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதற்கு முந்தைய டி.பி.9இலும் இதே அமைப்புதான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஓர் அலுமினியக் குழாய் இணைக்க, அதற்குள் கார்பன் ஃபைபர் தண்டு ஒன்று சுழன்று விசையைப் பின்னால் கடத்தும். வேகமெடுக்கும்போது எந்தக் காரிலும் சுமை பின்பக்கம் சாயும். காரைத் தள்ளுவது பின்சக்கரங்கள் என்பதால், அங்கே எடை இருந்தால் டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்கும்.

இந்த நிறுவனத்துக்கு இது புதிய யோசனை அல்ல. 1947இல் ஆஸ்டன் மார்ட்டினை வாங்கிய டேவிட் பிரவுன் (டி.பி. என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள்) பற்சக்கரத் தொழில் செய்த குடும்பத்தவர். 1959இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற டி.பி.ஆர்.1 பந்தயக் காரில் கியர்பாக்ஸ் பின்னால்தான் இருந்தது. அப்படியிருந்தும் 1963இன் புகழ்பெற்ற டி.பி.5இல் அது இன்ஜினை ஒட்டியே நின்றது. டி.பி. வரிசைச் சாலைக் கார்களுக்கு அந்த அமைப்பு வந்துசேர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு கம்பின் இரு முனையிலும் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, நடுவில் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கை வலிக்கும். பாட்டில்களை நடுவுக்கு நகர்த்திவிட்டால் அதே எடை சட்டென்று திரும்பும். இரண்டு நிலையிலும் கம்பு சமநிலையில்தான் இருக்கிறது, ஆனால் திரும்ப மறுக்கும் பிடிவாதம் வேறு. பள்ளிப் பாடத்தில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுதான். தூரத்தின் வர்க்கத்தோடு இது கூடும். சுழலும் மையத்திலிருந்து 1 மீட்டரில் உள்ள 50 கிலோவுக்கு 50 என்று கணக்கு வந்தால், 2 மீட்டரில் அதே 50 கிலோவுக்கு 200.

ஆகவே கியர்பாக்ஸைப் பின்கோடிக்குத் தள்ளினால் சமநிலை கிடைக்கிறது. கூடவே முனையில் பாட்டில் கட்டிய கம்பாகவும் கார் மாறுகிறது. அதை ஈடுகட்டத்தான் இன்ஜினை முன் அச்சிலிருந்து முடிந்தவரை ஓட்டுநர் பக்கமாக இழுத்து வைக்கிறார்கள். வி12இல் ஒரு வரிசைக்கு 6 சிலிண்டர்கள். அதன் நீளமே அதற்கு எதிரி. வி8இல் வரிசைக்கு 4தான். இன்ஜின் குட்டை, எடையும் குறைவு. அதனால் சமநிலை, திரும்பும் சுலபம் இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் காரின் மூக்கு உடனே வளைவுக்குள் நுழைவது இதனால்தான்.

நெடுஞ்சாலையில் நேராக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவருக்கு அதே பிடிவாதம் நல்லதாகவும் அமையும். பக்கக் காற்றுக்கும் சாலைக் குலுக்கலுக்கும் வி12இன் கனத்த மூக்கு எளிதில் விலகாது.