பிளாட்பாரம்: ரங்கூனிலும் சென்னையிலும் ஒரே சொல்

“ரோட்டுல இறங்காதே, பிளாட்பாரத்துல ஏறி நட.” ரங்கூன் தமிழ் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இது பழகிய அதட்டல்தான். பக்கத்து வீட்டுப் பர்மியத் தாயும் தன் பிள்ளையை இதே சொல்லால்தான் அதட்டுவார்: பலெப்பவுங். இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை.

ஆனால் ஆங்கிலேயருக்கு அது தெருவோரச் சொல் அல்ல. லண்டன்காரர் ஒருவரிடம் “பிளாட்பாரத்தில் நடந்து வந்தேன்” என்றால், எந்த ரயிலுக்குக் காத்திருந்தீர்கள் என்று கேட்பார். தெருவோரத்தை அவர் பேவ்மென்ட் என்பார், அமெரிக்கர் சைடுவாக் என்பார். அதைப் பிளாட்பாரம் ஆக்கியவர்கள் சென்னைத் தமிழரும் பர்மியரும்.

பிறப்பைப் பார்த்துவிடுவோம். பிரெஞ்சில் பிளாத் என்றால் தட்டை, ஃபோர்ம் என்றால் வடிவம். ‘தட்டை வடிவம்’ என்ற அந்தக் கூட்டுச்சொல் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது தரைப்படம், வரைபடம் என்ற பொருளும் அதற்கு இருந்தது. பீரங்கி வைக்கும் மேடை, பேச்சு மேடை, ரயில் நிலைய மேடை ஆகியவற்றுக்கும் அதுவே பெயரானது. பேவ்மென்ட் வேறு குடும்பம். அடித்து இறுக்கிய தரை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ரயில் நிலையச் சொல் தெருவுக்கு எப்படி இறங்கியது? எனக்குத் தோன்றுவது இது. சென்னை இராயபுரத்தில் 1856இலும், ரங்கூனிலிருந்து பியே ஊருக்கு 1877இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தரையைவிட உயரமான, தட்டையான, ஓரம் வெட்டிய கல் தளத்தை மக்கள் முதலில் பார்த்துப் பெயர் கற்றது நிலையத்தில். அதே உருவம் தெருவோரத்திலும் தென்பட்டதும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பார்த்ததை வைத்துப் பெயரிடுவதில் தப்பில்லை. 1937 வரை பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சென்னைக் கப்பல் வந்துகொண்டே இருந்த ஊர் அது. ஒரு கரையில் சொன்ன சொல் மறு கரைக்குப் போக அதிக நாள் பிடித்திருக்காது.

வந்த சொல்லை அவரவர் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டதுதான் வேடிக்கை. தமிழில் அதன் வால் ‘பாரம்’ ஆனது. சுமைக்கும் சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் காதில் சுமை விழுகிறது. பர்மியத்தில் வால் ‘பவுங்’ ஆனது. அம்மொழியில் அதற்கு உப்பியது, வீங்கியது என்று பொருள். பணவீக்கத்தைச் சொல்லவும் அதே சொல்தான். மழைக்காலத்தில் எங்கள் தெருவோரப் பலகைக் கற்கள் நிற்கும் கோலத்தைப் பார்த்தால், பர்மியர் காது தமிழர் காதைவிடக் கூர்மை என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கற்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சொல் விளங்காது. ரங்கூன் நடுநகரம் 1850களில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் சூலே பகோடா என்ற பௌத்தத் தூபியை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்ட நகரம். அவர்களில் ஒருவரான பிரேசரின் பெயரில் இருந்த தெருதான் இன்றைய அனோரதா சாலை. நம் ஆட்கள் கட்டிய காளியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. நடுநகரத் தெருக்கள் பலவற்றில் பிளாட்பாரம் என்பது வடிகாலுக்கு மேல் போட்ட சிமெண்டுப் பலகைகளே. அடியில் தண்ணீர் ஓடும், மேலே மனிதர் நடப்பர். பலகை உடைந்தால் கீழே சாக்கடை தெரியும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை கொட்டும்போது ஓட்டை எங்கே, கல் எங்கே என்று தெரியாது. அப்போது எல்லோரும் ரோட்டில் இறங்குவார்கள். பிள்ளைகளை அதட்டிய தாய்மாரும்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

அகராதி பார்ப்பவர்கள் உடனே நடைமேடை, நடைபாதை என்று இரண்டைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டு ரயில் நிலைய அறிவிப்புகளில் ‘நடைமேடை எண்’ என்று கேட்டுக் கேட்டு முதல் சொல் ரயிலுக்கே சொந்தமாகிவிட்டது. தெருவுக்கு நடைபாதை மிஞ்சியது. பிளாட்பாரம் என்ற ஒரு சொல் செய்துவந்த வேலையைத் தமிழ் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டது நல்ல ஏற்பாடு.

ஒரு மாணவன் கேட்டான்: “நடைப்பயிற்சியில் ப் வருகிறது, நடைபாதையில் ஏன் வரவில்லை?” நியாயமான கேள்வி. விதியை நீட்டிச் சொல்லலாம். ஆனால் நடைபாதை என்றே அச்சிலும் பலகையிலும் நிலைத்துவிட்டது, அப்படியே எழுது என்றேன். இன்னொன்று, நடைபாவாடை என்று ஒரு பழைய சொல் உண்டு. தெய்வமும் பெரியவர்களும் நடந்து வரத் தரையில் விரிக்கும் துணி அது. நடப்பவருக்கு மரியாதை செய்யும் அந்தச் சொல்லை இன்று யாரும் நினைப்பதில்லை.

உண்மையான வேறுபாடு இலக்கணத்தில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. பிளாட்பாரம் என்றால் நம் வாயில் என்னென்ன வினை வருகிறது என்று பாருங்கள்: ஏறுகிறோம், இறங்குகிறோம், உட்காருகிறோம், கடை போடுகிறோம், படுக்கிறோம், ஜெனரேட்டர் வைக்கிறோம். தட்டையாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்கிறது, எதற்கு என்று சொல்வதில்லை. நடைபாதை என்ற பெயரிலோ வேலை எழுதி ஒட்டியிருக்கிறது. ஒரு நடைபாதையில் டீக்கடை நாற்காலி போட்டால் அது நடைபாதையை மறிப்பது. ஒரு பிளாட்பாரத்தில் போட்டால் அது பிளாட்பாரக் கடை, அவ்வளவுதான். பர்மியத்திலும் பலெப்பவுங் கடைக்காரர் என்றே சொல்வார்கள். 2016 கடைசியில் நடுநகரத் தெருவோரக் கடைகளை ஆற்றோரத்து ஸ்ட்ராண்ட் சாலை இரவுச் சந்தைக்கு மாற்றியபோது பெயர்ந்தவர்கள் இவர்கள்தான். நான் கடைக்காரருக்கு எதிரி அல்ல. காலையில் மொஹிங்காவை, அதாவது மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸை, நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். கடைக்கும் காலுக்கும் இடம் அளந்து கொடுத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

அளவு என்றதும் ஒன்று. இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டியில், குடியிருப்புப் பகுதி நடைபாதைக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது என்று இருக்கிறது. முழங்கால் வலிக்கும் ஆயாவும் ஒரே எட்டில் ஏறிவிடக்கூடிய உயரம் அது. எங்கள் ஊரில் சில இடங்களில் ஓரக்கல் இதைப்போல் இரண்டு மடங்கு உயரம். ‘ஏறி நட’ என்று அம்மாக்கள் சொல்வது வெறும் பேச்சு வழக்கல்ல.

பர்மியத்தில் ஏட்டுச் சொல் ஒன்றும் உண்டு: லூ துவா சின்ஜான், அதாவது ஆட்கள் போகும் சின்ஜான். இந்தச் சின்ஜான் பாலி மொழியின் சங்கமம் என்ற சொல்லிலிருந்து வந்தது. கூடுதல் என்ற பொருளில் நாம் சொல்லும் சங்கமம் இது அல்ல. வடமொழியில் சங்கிரமம், முன்னும் பின்னுமாக நடப்பது. புத்தர் ஞானம் பெற்ற மூன்றாம் வாரம் போதி மரத்தருகே உலாவிக்கொண்டிருந்தார் என்பது மரபு. புத்தகயாவில் அந்த இடத்தில் உயர்ந்த மேடையே கட்டியிருக்கிறார்கள். ஆக, நடை, மேடை, மரியாதை மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. சாலைப் பலகை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. அங்கேயும் பலெப்பவுங்தான்.

சைக்கிள் பக்கமும் இப்படி ஒரு குழப்பம். மூன்று சக்கர மிதிவண்டியை இங்கே சைக்கா என்கிறோம். சைக்கிளிலிருந்து வந்தது என்று நினைத்துச் சிலர் ‘சைக்கிள் கார்’ என்று திருத்தி எழுதுகிறார்கள். வேண்டாம். அது சைடு கார். பயணி ஓட்டுநருக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில் உட்காருகிறார். பயணிகள் இருவர் என்றால் ஒருவர் முன்னே பார்த்தும் மற்றவர் பின்னே பார்த்தும். இதற்கு மிதிரிக்‌ஷா என்று எழுதினால் அந்தப் பக்கத்து இருக்கை காணாமல் போய்விடும். சைக்காவைச் சைக்காவாகவே விடலாம்.

சைக்கிளுக்கு மிதிவண்டி போதும். இலங்கைத் தமிழர் துவிச்சக்கரவண்டி என்பர், ஈருருளி என்றும் எழுதுவர். கவனிக்க வேண்டியது வண்டியின் பெயரை அல்ல, அது ஓடும் இடத்தின் பெயரை. சாலையிலேயே கோடு கிழித்து ஒதுக்கினால் அது மிதிவண்டித் தடம். ஓரக்கல்லோ மரவரிசையோ வைத்துக் காரிலிருந்து பிரித்தால்தான் மிதிவண்டிப் பாதை. இரண்டையும் பாதை என்றே எழுதினால், பெயின்ட் மட்டும் அடித்துவிட்டுப் பாதை போட்டோம் என்று சொல்லிக்கொள்ள வசதியாகிவிடும். யாங்கோன் என்று இன்று பெயர் பெற்ற ரங்கூனில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. 2011க்குப் பிறகு கார் இறக்குமதி தளர்ந்து தெருவெல்லாம் கார். இந்த இரண்டுக்கும் நடுவில் சைக்கிள்காரருக்குத் தடமும் இல்லை, பாதையும் இல்லை.

தெருவைக் கடக்கும் வரிக்கோட்டுக்குப் பர்மியர் வைத்த பெயரையும் சொல்லிவிடுகிறேன்: லூ கூ மியின் கியா. ஆள் கடக்கும் வரிக்கோடு. கியா என்றால் வரிவரியாக இருப்பது. புலிக்கும் கியாதான். ஆங்கிலத்தில் வரிக்குதிரையாக இருந்தது இங்கே புலியின் சாயலில் நிற்கிறது, ஆனாலும் கார்கள் நிற்பதில்லை.

எழுதும்போது நடைபாதை என்று எழுதுங்கள். நகராட்சிக்கு மனு எழுதினால் கட்டாயம் அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் அந்தப் பெயரை வைத்து இடம் கேட்கலாம். பேச்சில் பிளாட்பாரம் இருக்கட்டும். 1964இல் கடைகள் அரசுடைமையானபின் ரங்கூனை விட்டுக் கப்பலேறியவர்களில் பலர் சென்னையில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே தெருவோரத்தில் கடை விரித்தார்கள். 1969இல் அது பர்மா பஜார் ஆயிற்று. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸுக்கு வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கடை எங்கே என்று கேட்டால் பிளாட்பாரத்தில் என்றார்கள், அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.