இன்டோக்சிகாடோ: சொல் விளக்கம்

ஸ்பானிய மொழியில் ‘இன்டோக்சிகாடோ’ என்றால் உடம்பில் நஞ்சு சேர்ந்து பாதிக்கப்பட்டவர். பெண்ணானால் ‘இன்டோக்சிகாடா’. கெட்டுப்போன மீனைத் தின்று வாந்தி எடுப்பவர், மூடிய அறையில் கரிப்புகையால் மயங்கியவர், பூச்சிமருந்து அடிக்கும்போது தலைசுற்றி விழுந்தவர் என எல்லாருக்கும் இது பொருந்தும். கியூபா மக்களின் பேச்சில் பொருள் இன்னும் அகலம். சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு முடியாமல் போனாலே இப்படிச் சொல்வார்கள்.

ஆங்கிலம் தெரிந்தவருக்கு இதைக் கேட்டதும் ‘இன்டாக்ஸிகேட்டட்’ நினைவுக்கு வரும். அதன் இன்றைய வழக்குப் பொருள் குடிபோதையில் அல்லது போதைமருந்து மயக்கத்தில் இருப்பவர். இந்தக் குழப்பம் ஒருவரின் வாழ்க்கையையே முடக்கியிருக்கிறது.

1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடும்பத்தார் கியூபாக்காரர்கள். சாப்பிட்ட ஏதோ ஒன்றுதான் காரணம் என்று எண்ணி ‘இன்டோக்சிகாடோ’ என்றார்கள். போதைமருந்தை அளவுமீறி எடுத்துவிட்டார் என்று மருத்துவர்கள் புரிந்துகொண்டார்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் யாரும் அழைக்கப்படவில்லை. உண்மையில் மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரிவதற்குள் இரண்டு நாளுக்கு மேல் ஓடிவிட, கை கால் நான்கும் செயலிழந்தன. வழக்கில் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டின் மதிப்பு சுமார் 7.1 கோடி டாலர். குடும்பத்தாரின் கணிப்பும் சரியல்லதான். ஆனால் சாப்பாட்டுக் கோளாறு என்று கேட்டிருந்தால், கோமாவில் கிடப்பவருக்கு வேறு காரணம் இருக்குமா என்று மருத்துவர்கள் தேடியிருப்பார்கள்.

இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் ‘டோக்சான்’ என்றால் வில். அம்புமுனையில் தடவும் நஞ்சை ‘டோக்சிகான் ஃபார்மகான்’ என்றார்கள், வில்லுக்கு உரிய மருந்து என்ற பொருளில். நாளடைவில் பின்சொல் உதிர்ந்து, வில்லைக் குறித்த முன்சொல்லே நஞ்சுக்குப் பெயராகி, ‘டாக்சிகம்’ என்று இலத்தீனுக்குப் போனது. ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் நஞ்சூட்டுவது என்ற பொருள்தான். பிறகு மதுவின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்பானியம் பழைய பொருளை விடவில்லை. மது அளவுமீறி உயிருக்கே ஆபத்தானால்கூட ‘இன்டோக்சிகாசியோன் எதீலிகா’ என்று மதுவைத் தனியே குறிப்பிட வேண்டும். வெறுமனே குடித்திருப்பவர் ‘பொர்ராச்சோ’ அல்லது ‘எப்ரியோ’.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? போதை, குடிவெறி இரண்டும் கூடவே கூடாது. ‘நஞ்சூட்டப்பட்டவர்’ என்றால் யாரோ வேண்டுமென்றே கொடுத்ததாகிவிடும். ‘உணவு நஞ்சாதல்’ உணவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறது, ஆளுக்கு நேர்ந்ததை அல்ல. எழுத்தில் ‘நச்சுப் பாதிப்புக்கு உள்ளானவர்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. பெயர்ச்சொல்லான ‘இன்டோக்சிகாசியோன்’ என்பதற்கு ‘நச்சுப் பாதிப்பு’ போதும். 1981-இல் ஸ்பெயினில், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான கடுகின எண்ணெய் சமையல் எண்ணெயாக விற்கப்பட்டு சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்களே, அதையும் இப்படியே எழுதலாம். கியூபாக்காரர்களின் பேச்சு வழக்குக்கு மட்டும் நம் வீட்டுத் தமிழே நெருக்கம்: ‘சாப்பிட்டது ஒத்துக்கல.’