“நிர்வாகம் பொறுப்பல்ல” பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்

மூன்று வருஷத்துக்கு முன் என் அக்கா குடும்பம் தீபாவளி ஜவுளி எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போனது. வாசலில் சீருடை போட்ட பையன் காரை நிறுத்துவதற்காகச் சாவியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தான். மூன்று மணி நேரம் கழித்து வண்டி வந்தபோது இடது பக்கக் கதவு அமுங்கிக் கிடந்தது. மேனேஜரைக் கூப்பிட்டால், “வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன” என்ற பலகையைக் கைகாட்டினார். எழுதித்தானே வைத்திருக்கிறார்கள் என்று அத்தான் பேசாமல் வந்துவிட்டார். கதவு மாற்ற 23 ஆயிரம் ஆனது. இப்படி வந்தவர்களை அதற்கப்புறம் நிறையப் பார்த்துவிட்டேன்.

பலகையை விடுங்கள். சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

கடை ஆள் சாவியை வாங்கி வண்டியை எடுத்துப் போனால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி வண்டி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். தன் சொந்தப் பொருளை ஒரு மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 148, 151). 1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் காரைச் சாவியோடு ஊழியரிடம் கொடுத்தார். வேறொரு காரில் வந்த பையன்களில் ஒருவன் அந்தச் சாவியை எடுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கேயும் டோக்கனில் சொந்தப் பொறுப்பு என்றுதான் அச்சடித்திருந்தது. தங்கள் ஆட்களின் கவனக்குறைவை அந்த வரியை வைத்துத் தட்டிக்கழிக்க முடியாது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம் என்று காட்டும் சுமை ஹோட்டலுக்குத்தான் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேனேஜரிடம் பேசும்போது இந்தத் தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கைச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

சாவி உங்கள் பையில் இருந்தால் நிலைமை பலவீனம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. நீங்களே நிறுத்திப் பூட்டிய வண்டியை இன்னொருவர் உரசினால் முதல் பொறுப்பு அந்த ஓட்டுநருடையது, கடையை இழுப்பது கஷ்டம். ஆனால் கட்டணம் வாங்கி, டோக்கன் கொடுத்து, வெளியே போகும்போது அதைச் சரிபார்க்கும் இடத்தில் டோக்கன் இல்லாமலே வண்டியை ஒருவன் ஓட்டிப் போனான் என்றால் அது சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். காவலாளி “வா வா” என்று கைகாட்டித் தூணில் மோத வைத்தாலும் அப்படியே.

சரி, நடைமுறையில் எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

கேட்டிலேயே. டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வண்டியை வெளியே விட்டுவிட்டால், “இங்கே நடக்கவே இல்லை சார், ரோட்டில் இடித்திருப்பீர்கள்” என்பார்கள். பாதிக் கேஸ் இந்த ஒரு வரியில் செத்துவிடுகிறது. அதனால் பின்னால் ஹாரன் அடித்தாலும் வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள், சேதமும் கடைப் பெயரும் ஒரே படத்தில் வரும்படி. டோக்கனை வாங்கியவுடனேயே முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போதே வண்டியைச் சுற்றி ஒரு பத்து வினாடி வீடியோ எடுத்தால், “இது பழைய கீறல்” என்ற பதிலும் அடிபட்டுப் போகும்.

அடுத்தது கேமரா. கேட்டால் போலீஸ் கடிதம் கொண்டு வா என்பார்கள், ஸ்டேஷனில் கேட்டால் இது சிவில் விஷயம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள், நீங்கள் இரண்டு இடத்துக்கும் நடந்துகொண்டிருக்கும்போது சில வாரங்களில் பதிவு அழிந்துவிடும். அன்றைக்கே கடையின் மெயிலுக்கு, இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடத்தின் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். அதற்கப்புறம் பதிவு இல்லை என்றால் ஏன் இல்லை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஸ்டேஷனில் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள், எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வண்டியே திருடு போயிருந்தால் சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் நகராது. போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

இன்னொரு ஓட்டம், “பார்க்கிங் எங்களுடையது இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள்” என்பது. கான்ட்ராக்டரைக் கேட்டால் சூப்பர்வைசர், சூப்பர்வைசரைக் கேட்டால் அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான். இந்தச் சுற்றில் ஒரு அடிகூட நடக்காதீர்கள். நீங்கள் போனது கடைக்கு, பில் போட்டது கடை. நஷ்ட ஈடு கேட்டு அனுப்பும் நோட்டீஸில் கடையையும் கான்ட்ராக்டரையும் சேர்த்தே போடுங்கள், அவர்களுக்குள் யார் கொடுப்பது என்பது அவர்கள் கவலை.

“இலவசப் பார்க்கிங்தானே” என்று ஒரு வாதம் வரும், அதற்குக் கொஞ்சம் பலம் உண்டு. இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதனால்தான் அன்றைக்குத் துணி வாங்கிய பில், சாப்பிட்ட பில் எதுவாக இருந்தாலும் பத்திரமாக வேண்டும். வாடிக்கையாளருக்குச் செய்த சேவையின் பகுதிதான் பார்க்கிங் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மூவாயிரம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று தாள் நீட்டினால் முழுதாகப் படியுங்கள். “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்” என்று இருந்தால், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் கைக்கு வரும்வரை கையெழுத்து வேண்டாம். இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிடுவதும் உண்டு. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் வராது. முழு பாலிசியில் கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷ நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அது பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கிற விஷயம். சின்னச் சேதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளெய்ம் போடுவதாக முடிவு செய்தால் சர்வேயர் பார்க்கும்முன் வண்டியைச் சரிசெய்துவிடாதீர்கள்.

கடை அசையவில்லையா, 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் கடையிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அதை நம்பி மாதக்கணக்கில் உட்காராதீர்கள். புகாரில் ஒரு கவனம்: டோக்கனில் இருக்கும் நிபந்தனை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தலைப்பிட்டு எழுதினால், அது மாநில ஆணையம் விசாரிக்க வேண்டியது என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்கிறீர்கள். சேவைக் குறைபாடு என்று எழுதுங்கள். 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

சேதம் நடந்து 2 வருஷத்துக்குள் புகார் போட வேண்டும். இதெல்லாம் அத்தானிடம் நான் சொல்ல உட்கார்ந்தபோது 2 வருஷமும் 4 மாதமும் ஆகியிருந்தது, டோக்கனும் அவரிடம் இல்லை.