வாடகை ஒப்பந்தம்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் வாடகைக்குக் குடியிருப்பவரைப் பாதுகாக்கவென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. டெபாசிட் எவ்வளவு வாங்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதற்கெல்லாம் வழக்கம்தான் உண்டு: ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம். மற்றபடி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

முதலில், எதிரே இருப்பவருக்கு அந்த வீட்டை வாடகைக்கு விடும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் முழு வீட்டுக்கும் சரி, ஒரே ஓர் அறைக்கும் சரி, உரிமையாளர் வீவகவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நிரந்தரவாசியாக இருக்கும் உரிமையாளர் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. அறை மட்டும் வாடகைக்கு என்றால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். தன் துணிமணியை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மற்ற அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, வேறு எங்கோ வசிப்பது விதிமீறல். வீவக சோதனைக்கு வந்தால் மாட்டுவது வீட்டுக்காரர்தான் என்றாலும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவர் நீங்கள்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இன்னொரு வகையில். வீட்டை வாடகைக்கு எடுத்த ஒருவர், தானே உரிமையாளர் போல அறை அறையாக, கட்டில் கட்டிலாக உள்வாடகைக்கு விடுவார். வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அப்படி விடக் கூடாது. அவர் ஒருநாள் டெபாசிட்டோடு காணாமல் போனால், உங்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப் உரையாடல் மட்டுமே. வீவகவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸில் நுழைந்து, வீடு தன் பெயரில் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இது இரண்டு நிமிட வேலை. கோபப்படுகிறார் என்றால் அந்த வீடே வேண்டாம்.

அடுத்து உங்கள் தகுதி. வெளிநாட்டவர் வீவக வீடோ அறையோ எடுக்க, விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் பாஸ் (சிங்கப்பூரில் தங்குவதற்கான அனுமதி) குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைப் பணி ஆகிய துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மலேசியராக இருந்தால்தான் வீவக வீட்டில் இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிக்கு "ரூம் இருக்கு, வா" என்று யார் சொன்னாலும், எந்தத் துறை பெர்மிட் என்பதை முதலில் பாருங்கள். குறைந்தபட்ச வாடகைக் காலம் வீவக வீட்டுக்கு 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம். "இரண்டு மாதம் இருந்து பாருங்கள்" என்ற பேச்சே விதிக்குப் புறம்பானது.

முழு வீவக வீட்டை எடுப்பவருக்கு இன்னொரு பொறி: மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பேட்டை அளவில் 8 விழுக்காடு, புளோக் அளவில் 11 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. அது நிரம்பியிருந்தால் அனுமதி கிடைக்காது. முன்பணத்தை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு "கோட்டா முடிந்துவிட்டது" என்பார்கள், பணம் திரும்பி வராது. "வீவக அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியை எழுதி வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். வீவக வீட்டு வாடகையில் ஏஜென்ட் உங்கள் டெபாசிட்டையோ வாடகையையோ கையில் வாங்கக் கூடாது. ஒரே ஏஜென்ட் இரு தரப்புக்கும் வேலை செய்யவும் கூடாது. சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவருடைய தொலைபேசி எண்ணைத் தட்டினால் உண்மையான ஏஜென்ட்டா என்று தெரிந்துவிடும். மாதிரி ஒப்பந்தமும் அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒப்பந்தத்துக்குள் வருவோம். வெளிநாட்டவர் விரல் வைத்துப் படிக்க வேண்டியது டிப்ளமேட்டிக் கிளாஸ். வேலை போனால் பாதியில் வெளியேறும் உரிமை இது. ஈராண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 12 மாதம் முடிந்த பிறகு 2 மாத நோட்டீஸ் என்று இருக்கும். அதாவது 14 மாத வாடகை எப்படியும் உங்கள் தலையில். அதில் "வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டால்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கும் பாஸ் புதுப்பிக்கப்படாதவருக்கும் அது பயன்படாது. மூன்று காரணங்களையும் எழுதச் சொல்லுங்கள். சிறு பழுதுகளுக்கு நீங்கள் தர வேண்டிய உச்சத்தொகை, குடிபுகுந்த முதல் 30 நாளில் தெரியவரும் பழுதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு, சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை, டெபாசிட் 14 நாளில் திரும்ப வரும் என்ற வரிகளும் இருக்கட்டும்.

இனி முத்திரை வரி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நான்கு ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி அறைக்கு ஓராண்டுக்கு வெறும் 43 வெள்ளி. வேறுவிதமாக எழுதாவிட்டால் கட்ட வேண்டியவர் குடியிருப்பவர். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்ட வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அபராதம் வரியைப் போல நான்கு மடங்கு வரை போகும். வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. "நான் கட்டிவிட்டேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர், செங்காங்கில் அறை எடுத்திருந்தவர். காலி செய்யும்போது மெத்தையில் கறை, ஏர்கான் சுத்தமில்லை என்று வீட்டுக்காரர் ஒரு மாத டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார். ஓர் அலுவலகத்தில் "இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம்" என்றார்கள். இன்னோர் இடத்தில் "ஏஜென்ட் மீது புகார் இருந்தால் மட்டும் வாருங்கள்" என்றார்கள். போலிஸ் "சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டது. இரவு வேலை முடித்துத் தூங்காமல் அலைந்தவரிடம், எங்கே போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்ல இவர்களுக்கு என்ன செலவு? அவரைக் காப்பாற்றியது, குடிபுகுந்த அன்று எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பியிருந்த மெத்தைப் படம். கறை அன்றே இருந்தது. பொருள் பட்டியலிலோ "மெத்தை 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

போக வேண்டிய இடம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். வழக்கறிஞர் வேண்டாம், விண்ணப்பம் இணையத்தில். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை தொடங்கி 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் 2 ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பு ஒப்பந்தத்தை அந்த மன்றம் எடுத்துக்கொள்ளாது. "மூன்று வருடம் எழுதினால் வாடகை குறைத்துத் தருகிறேன்" என்றால், அந்தக் கதவு மூடப்படுவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டுக்காரரின் முழுப் பெயரும் அவர் உண்மையில் வசிக்கும் முகவரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பெயர் மட்டும் இருந்தால் மன்றத்தின் அறிவிப்பை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?